மனைவி திடீரென்று வாட்ஸ்அப்பில் லாஸ்ட் சீனை, அதாவது கடைசியாக எப்போது வந்தார் என்று காட்டும் நேரத்தை, மறைத்துவிட்டார். என்னிடம் எதையோ ஒளிக்கிறார் என்று அர்த்தமா?

இல்லை. நானும் மறைத்தவள்தான், அதனால் சொல்கிறேன்.

அவர் எப்போது போனைத் திறக்கிறார் என்று உங்கள் வீட்டில் வேறு யாராவது கவனித்துக்கொண்டிருக்கலாம். எனக்கு அது நாத்தனார்.

2020. மகன் கைக்குழந்தை. ராத்திரி இரண்டு மணிக்குப் பால் கொடுத்த பிறகு எனக்குத் தூக்கம் வராது. லண்டனில் இருக்கும் தோழிக்கு நாலு வரி அனுப்புவேன், அவளுக்கு அப்போது இரவு ஒன்பதரைதான். காலையில் நாத்தனார் போன் செய்து, "ரெண்டு மணி வரைக்கும் யார்கூட அரட்டை?" என்பார். இரண்டு முறை சிரித்துச் சமாளித்தேன். மூன்றாம் முறைக்குப் பிறகு தோழிக்கு எழுதுவதையே விட்டுவிட்டேன். அவளாக அனுப்பினாலும் நோட்டிபிகேஷனில் படித்ததோடு சரி, திறக்க மாட்டேன். பேச்சுத்துணை இல்லாத அந்த மாதங்களை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

புகுந்த வீட்டைக் குறை சொல்ல வந்தேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பிரசவத்தில் எனக்குப் பத்தியச் சாப்பாடு செய்து போட்டவரும் அதே நாத்தனார்தான்.

சரி, ஒருநாள் கோபத்தில் லாஸ்ட் சீன் யாருக்கும் தெரியாதபடி 'நோபடி' என்று மாற்றிவிட்டேன். நம்முடையதை மறைத்தால் மற்றவர்களுடையதும் நமக்குத் தெரியாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. தென்காசியில் அப்பா தனியாக இருக்கிறார். காலை ஐந்தரைக்கு எழுந்து வாட்ஸ்அப் பார்ப்பார். அந்த நேரத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு அடுப்படியில் கை ஓடும். மறுநாள் அது இல்லை. போன் செய்யலாமே என்பீர்கள். விடிகாலையில் மணி அடித்தாலே யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறுகிறவர் அவர். 2022 ஜூனில் குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் மறைக்கும் வசதி வந்தது. மூன்று பேரை மட்டும் தேர்ந்தெடுத்தேன். அப்பாவின் ஐந்தரை மணி திரும்பி வந்தது. அப்புறம் ஆன்லைனில் இருப்பதையும் மறைக்க முடிந்ததும், தோழியிடம் பழையபடி எழுத ஆரம்பித்தேன்.

இதில் எனக்கு இன்னும் தீராத ஆற்றாமை ஒன்று உண்டு. படித்துவிட்டோம் என்று காட்டும் ப்ளூ டிக்கை அணைத்தாலும் குரூப்பில் யார் படித்தார்கள் என்பது அனுப்பியவருக்குத் தெரியும். மகனின் பள்ளி குரூப்பில் இரவு பத்தரைக்கு "நாளை சார்ட் பேப்பர், பச்சை டிரஸ்" என்று போடுகிறார்கள். காலையில் கேட்டால், "நீங்க பார்த்திருக்கீங்களே மேடம்" என்று பதில். பத்தரைக்கு எந்தக் கடையில் போய் சார்ட் வாங்குவது? பிள்ளை வகுப்பில் தனியாக நிற்கிறான்.

உங்கள் மனைவியிடம் "எதை மறைக்கிற?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நான் மறைத்ததைக் கவனித்த என் கணவர், "யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்றுதான் கேட்டார். அதுவரை நாத்தனார் கேட்டதை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அன்று ராத்திரி முழுக்கச் சொன்னேன்.