பழைய செவர்லே பிக்கப்புக்கு டிஸ்க் பிரேக்: காயலாங்கடையில் எதை எடுக்கலாம்? (கேள்வி பதில்)

அமெரிக்காவில் 1960களின் செவர்லே சி-10 பிக்கப் வைத்திருப்பவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எல்லாமே முன் சக்கர டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு, உடைக்கப் போட்ட வண்டியிலிருந்து எடுத்த டிஸ்க் பிரேக்கைப் போடுவது பற்றியவை.

அண்ணா, என்னுடையது 1968 சி-10. நாலு சக்கரமும் டிரம். ஊருக்குள் நன்றாகத்தான் நிற்கிறது. மாற்றித்தான் ஆக வேண்டுமா?

ஊருக்குள் ஓட்டினால் அவசரமில்லை தம்பி. சரியாக அட்ஜஸ்ட் செய்த டிரம், ஒரு தடவை மிதித்தால் நன்றாகவே பிடிக்கும். மலைச்சரிவில் திரும்பத் திரும்ப மிதிக்கும்போதுதான் சிக்கல். சூட்டில் டிரம் விரிந்து, உள்ளே உரசிப் பிடிக்கும் ஷூவை விட்டு விலகும், பெடல் ஆழமாகப் போகும். மழைத்தண்ணீர் உள்ளே போனால் ஒரு பக்கம் இழுக்கும். டிஸ்க் வெளியே காற்றில் சுற்றுவதால் சூடும் தண்ணீரும் சீக்கிரம் போய்விடும். ஜெனரல் மோட்டார்ஸே 1971இல் இந்தப் பிக்கப்புகளுக்கு முன் டிஸ்க்கைப் பொதுவாக்கிவிட்டது. உங்கள் வண்டியின் அதே தலைமுறை என்பதால் அந்தச் சாமான் பொருந்தும்.

வண்டி 1966 அல்லது அதற்கு முந்தியது என்றால் டிஸ்க்கை விட அவசரமான வேலை ஒன்று உண்டு. பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டருக்கு அதில் ஒரே அறைதான். சக்கரத்தில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் ஒன்று ஒழுகினாலும் நாலு பிரேக்கும் போகும். முதலில் இரட்டை அறை மாஸ்டர் போடுங்கள். 1967 வண்டியில் அது கம்பெனியிலேயே வந்துவிட்டது.

எந்த வருஷத்து வண்டியைத் தேடட்டும்?

1971, 72 சி-10 கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். அது கிடைப்பது அரிதாகிவிட்டது. 1973 முதல் 87 வரை வந்த சதுர முகப்பு வண்டிகளின் ஸ்பிண்டிலையும் (முன் சக்கரம் சுற்றும் அச்சு) பலர் போடுகிறார்கள். இரண்டில் எதுவானாலும் பால் ஜாயின்ட்டும் (ஸ்பிண்டிலைப் பிடிக்கும் உருண்டை மூட்டு) டை ராட் முனையும் (ஸ்டீயரிங் கம்பியின் முனை) ஸ்பிண்டில் துளையில் சரியாக உட்காருகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். பால் ஜாயின்ட்டின் கூம்பில் மார்க்கர் மையைப் பூசி, துளைக்குள் வைத்துத் திருகி எடுங்கள். மை சுற்றிலும் ஒரே மாதிரி அழிந்திருந்தால் சரி. மேலே மட்டுமோ கீழே மட்டுமோ அழிந்திருந்தால் அது வேறு கூம்பு. நட்டை இறுக்கிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். ஸ்டீயரிங்கும் சக்கரமும் அந்த ஒரு பிடியில்தான் நிற்கின்றன.

சதுர முகப்பு வண்டியின் முன் கிராஸ் மெம்பரையே (சேஸின் குறுக்குச் சட்டம்) முழுசாகக் கழற்றி மாட்டுகிறவர்களும் உண்டு. நல்ல வழிதான், ஆனால் சேஸில் துளை போட வேண்டிவரும். அனுபவம் உள்ளவர் பக்கத்தில் இருந்தால் செய்யுங்கள்.

காயலாங்கடையில் எதை எடுக்கலாம், எதைத் தொடவே கூடாது?

என் கணக்கு ஒன்றுதான்: இரும்பைப் பழசாக வாங்கலாம், ரப்பரைப் பழசாக வாங்கக் கூடாது.

ஸ்பிண்டில், தூசுத் தகடு, பூஸ்டரை (கால் மிதிக்கும் விசையைக் கூட்டிக்கொடுக்கும் பாகம்) தாங்கும் பிராக்கெட், பெடல் இணைப்பு இவையெல்லாம் இரும்பு. தாராளமாக எடுக்கலாம். ஸ்பிண்டிலில் பேரிங் உட்காரும் இடத்தைத் துணியால் துடைத்து நகத்தால் வருடுங்கள். நகம் பள்ளத்தில் மாட்டினாலோ உலோகம் நீலம் பாரித்திருந்தாலோ பேரிங் அதில் சுழன்று தேய்த்திருக்கிறது, வைத்துவிடுங்கள். காலிப்பர் (பேட் எனும் உரசும் தகடுகளால் டிஸ்க்கைக் கவ்வும் பாகம்) முன்னும் பின்னும் நகரும் இடத்தில் படி விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். விழுந்திருந்தால் காலிப்பர் அதில் சிக்கி, ஒரு பேட் மட்டும் தேயும்.

பிரேக் ஹோஸ் எப்போதும் புதிது. வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே ரப்பர் வீங்கி அடைத்திருக்கும். மாஸ்டர் சிலிண்டரும் புதிதுதான். காலிப்பர் துருப்பிடித்திருந்தாலும் எடுத்து வாருங்கள், மாட்டுவதற்கு அல்ல. உதிரிபாகக் கடையில் பழசைக் கொடுத்தால், புதுப்பித்த காலிப்பருக்காக வாங்கிய வைப்புத்தொகையைத் திருப்பித் தருவார்கள்.

டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிமன் அச்சடித்திருக்கும். மைக்ரோமீட்டரில் அதற்குக் கீழே இருந்தால் கடைந்தும் பயனில்லை. புதிதின் விலையைப் பார்த்தால் பழசைத் தூக்கிவருவதே வீண் என்பேன்.

பழைய டிரம்மைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் தூசியை ஏர் வைத்து ஊதவே ஊதாதீர்கள். அந்தக் காலத்து ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். பிரேக் கிளீனரால் நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, பையில் கட்டிப் போடுங்கள்.

அப்பாவின் 1969 வண்டிக்கு நானே மாட்டினேன் அண்ணா. பத்து மைல் ஓட்டினால் முன் சக்கரம் இரண்டும் கொதிக்கின்றன. மாஸ்டர் மட்டும் பழையதுதான்.

நீங்களே மாட்டியது ரொம்ப சந்தோஷம் தங்கச்சி. கோளாறு அந்த மாஸ்டரில்தான் இருக்க வேண்டும். டிரம்முக்கான மாஸ்டரில், பைப் திருகும் இடத்துக்கு உள்ளே சின்ன வால்வு ஒன்று இருக்கும். காலை எடுத்த பிறகும் லைனில் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தை அது பிடித்துவைக்கும். வீல் சிலிண்டரின் ரப்பர் ஒட்டி நிற்க அது வேண்டும். டிஸ்க்குக்கு அதுவே வினை. ஷூவை இழுக்க ஸ்பிரிங் இருப்பது போலக் காலிப்பரில் கிடையாது, பேட் உரசிக்கொண்டே இருக்கும்.

சக்கரத்தைத் தூக்கி, பெடலை மிதித்துவிட்டு, கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் காலிப்பரில் இருக்கும் ஏர் திருகை (லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றும் திருகு) தளர்த்துங்கள். ஆயில் கொஞ்சம் பீய்ச்சி, சக்கரம் உடனே விட்டால் அழுத்தம் உள்ளே தங்கியிருக்கிறது என்று அர்த்தம். முன் டிஸ்க், பின் டிரம் வண்டிக்கான மாஸ்டரை வாங்குங்கள். அதில் இரண்டு அறைகளில் பெரியது டிஸ்க்குக்கு. பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், அதற்கு ஆயில் அதிகம் வேண்டும்.

வாங்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். பூஸ்டர் இல்லாத வண்டிக்கான மாஸ்டரில் பிஸ்டனின் பின்குழி ஆழமாக இருக்கும், பூஸ்டர் வண்டிக்கானதில் ஆழம் குறைவு. ஆழம் குறைந்ததை பூஸ்டர் இல்லாமல் மாட்டினால் பெடல் கம்பி குழியிலிருந்து நழுவிவிழ வாய்ப்பு உண்டு. ஓடும் வண்டியில் அது நடக்கக் கூடாது.

ஏர் எடுத்து எடுத்து நாலு பாட்டில் பிரேக் ஆயில் தீர்ந்தது, பெடல் இன்னும் பஞ்சு மாதிரி அமுங்குகிறது.

வண்டியின் முன்னால் குனிந்து காலிப்பரைப் பாருங்கள். ஏர் திருகு மேலே இருக்கிறதா, கீழேயா? கீழே இருந்தால் இடதையும் வலதையும் மாற்றி மாட்டிவிட்டீர்கள். இரண்டும் இரு பக்கமும் பொருந்தும் என்பதால் இது நிறையப் பேருக்கு நடக்கிறது. காற்று மேலே ஏறி நிற்கும், திருகு கீழே இருந்தால் எத்தனை பாட்டில் ஊற்றினாலும் அது வெளியே வராது. பக்கம் மாற்றி மாட்டி, பின் வலது, பின் இடது, முன் வலது, முன் இடது என்ற வரிசையில் ஏர் எடுங்கள். புது மாஸ்டர் என்றால் வண்டியில் மாட்டுவதற்கு முன்பே வைஸில் பிடித்து அதன் ஏரை எடுத்துவிட வேண்டும்.

சிலிக்கான் பிரேக் ஆயில், டாட் 5, போடலாமா?

வேண்டாம். டாட் 3 போதும். இரண்டையும் கலக்கவே கூடாது.

முன் சக்கரத்துக்கு ஐந்து போல்ட், பின் சக்கரத்துக்கு ஆறு போல்ட் ஆகிவிட்டதே சார்?

1970 வரை ஆறு, 1971 முதல் ஐந்து. இரண்டு வழி உண்டு. ஆறு போல்ட் துளையோடு வரும் டிஸ்க்கை வாங்கினால் பழைய சக்கரங்களே போதும். இல்லையென்றால் 1971–72 வண்டியின் பின் ஆக்ஸிலையும் சேர்த்து எடுங்கள். 1973க்குப் பிந்தைய ஆக்ஸிலுக்குப் போகாதீர்கள். அது பட்டை ஸ்பிரிங்குக்கானது; உங்கள் செவர்லேயில் பின்னால் சுருள் ஸ்பிரிங் இருந்தால் வெட்டி ஒட்டும் வேலை வந்துவிடும். டிரம் காலத்துச் சக்கரம் காலிப்பரில் இடிக்கிறதா என்று கையால் முழுச் சுற்று சுற்றிப் பார்த்த பிறகே வண்டியைக் கீழே இறக்குங்கள்.

அழுத்தி மிதித்தால் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொள்கிறது. பின்னாலும் டிஸ்க் போட்டுவிடட்டுமா?

பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாயும். காலியான பிக்கப்பில் பின்னால் ஏற்கெனவே எடை குறைவு. பழைய டிரம் வண்டியில் இருக்கும் பித்தளை வால்வு இரண்டு பக்கத்துக்கும் பைப்பைப் பிரித்துக்கொடுக்கும், அவ்வளவுதான். பின் அழுத்தத்தைக் குறைக்காது. டிஸ்க்-டிரம் வண்டியின் காம்பினேஷன் வால்வைப் போடுங்கள், பின் அழுத்தத்தை அது குறைக்கும். கையால் திருகும் வால்வு என்றால் பின் லைனில் மட்டும். முன் லைனில் போட்டால் அதிகம் உழைக்க வேண்டிய பிரேக்கையே பலவீனமாக்குகிறீர்கள். இந்த வண்டிக்குப் பின் டிஸ்க் தேவையில்லை என்பது என் கருத்து. அந்தப் பணத்தில் பைப் முழுவதையும் புதிதாக்குங்கள். முனைகளை டபுள் ஃபிளேராக (இரட்டை மடிப்பாக விரித்து) மடியுங்கள், தண்ணீர் பைப்புக்கான கம்ப்ரெஷன் இணைப்பு பிரேக் லைனில் வேண்டாம்.

பழைய பூஸ்டர் நல்லதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கடையிலேயே மாஸ்டரை முன்னால் நகர்த்திப் பாருங்கள். பூஸ்டரின் வாய் பிரேக் ஆயிலில் நனைந்திருந்தால் உள்ளே ரப்பர் தகடு கெட்டிருக்கும், எடுக்காதீர்கள். வண்டியில் மாட்டிய பிறகு, இன்ஜினை நிறுத்திவிட்டு, பெடல் இறுகும்வரை மிதியுங்கள். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றே கீழே இறங்க வேண்டும்.

எல்லாம் முடிந்தது. நேராக ஹைவேயில் எடுத்துப் போகலாமா?

கூடாது. முதலில் வண்டி நின்ற இடத்திலேயே பெடலை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். கீழே போய்க்கொண்டே இருந்தால் எங்கோ ஒழுகுகிறது. அப்புறம் ஒவ்வோர் இணைப்பிலும் வெள்ளைக் காகிதத்தை ஒற்றிப் பாருங்கள். காலிப்பர் ஹோஸின் செம்பு வாஷர் இரண்டும் புதிதா, ஸ்பிண்டில் நட்டில் ஸ்பிளிட் பின் மாட்டியதா என்று இன்னொருவரை விட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கள்; மாட்டியவர் கண்ணுக்கு விட்டுப்போனது தெரியாது. காலியான மைதானத்தில் நடை வேகத்தில் தொடங்குங்கள். பிறகு ஆளில்லாத சாலையில் 30 மைல் வேகத்திலிருந்து ஏறக்குறைய நிற்கும்வரை மிதமாக மிதித்து, இடையில் ஆறவிட்டு, பல தடவை செய்யுங்கள். பேட் டிஸ்க்கில் படிந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் ஆயில் அளவை மறுபடி பாருங்கள்.