எக்செல் இருக்கும்போது டிபிஎம்எஸ் எதற்கு? டேட்டா மாடலில் ஏன் இத்தனை வகை?

கேள்வி: பி.சி.ஏ. படிக்கிறேன். டிபிஎம்எஸ் பாடத்தின் வரையறைகளை எல்லாம் மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் எக்செல் ஏன் போதாது, டேட்டா மாடல் என்று எதைச் சொல்கிறார்கள் என்பது மண்டையில் ஏறவில்லை. உதாரணத்தோடு விளக்க முடியுமா?

பதில்:

புத்தகத்தில் வரும் மாணவர், ஆசிரியர், பாடம் உதாரணத்தை நான் எடுக்கப் போவதில்லை. அதில் சிக்கல் எதுவும் வராது. சிக்கல் வராத இடத்தில் டிபிஎம்எஸ் (டேட்டாபேஸ் மேனேஜ்மென்ட் சிஸ்டம்) எதற்கு என்றும் புரியாது. கடலூர் முதுநகரில் மீன் வியாபாரிகளுக்குக் கணக்கு சாப்ட்வேர் எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. அதனால் துறைமுக ஏலக் கணக்கையே எடுத்துக்கொள்வோம்.

விடியற்காலையில் படகுகள் வந்து நிற்கும். மீனைக் கொட்டி ஏலம் விடுவார்கள். கடலூர் ஆட்கள் மட்டுமல்ல, புதுச்சேரி, பண்ருட்டி, விழுப்புரம் வியாபாரிகளும் வந்து எடுப்பார்கள். சிலர் கையோடு பணம் கொடுப்பார்கள், பலர் பாக்கி வைப்பார்கள். ஏலக்காரரின் கணக்குப்பிள்ளை நோட்டில் எழுதுவார்: தேதி, படகு, மீன், எடை, கிலோ விலை, வியாபாரி பெயர், அவர் போன் நம்பர், பாக்கி. இதை அப்படியே எக்செலில் ஏற்றினால் ஒரு விற்பனைக்கு ஒரு வரி. பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

அப்புறம் ஒரு வியாபாரி போன் நம்பரை மாற்றுகிறார். அவர் இருநூறு தடவை மீன் எடுத்திருந்தால் இருநூறு வரியிலும் பழைய நம்பர் இருக்கும். நூற்றைம்பதில் மாற்றி மிச்சத்தை விட்டுவிட்டால், எது சரியான நம்பர் என்று ஃபைலைப் பார்த்துச் சொல்ல முடியாது. புதிதாக ஒரு வியாபாரி வந்து பெயர் கொடுக்கிறார், இன்னும் எதுவும் வாங்கவில்லை. வரி என்றாலே விற்பனை என்பதால் அவரை எழுத இடமே இல்லை. ஒரே ஒரு முறை வாங்கிய ஆளின் விற்பனை ரத்தாகி அந்த வரியை அழித்தால், அவர் போன் நம்பரும் சேர்ந்து போய்விடும். உங்கள் பாடத்தில் அப்டேட், இன்சர்ட், டெலீட் அனாமலி (மாற்றும்போது, சேர்க்கும்போது, அழிக்கும்போது வரும் கோளாறு) என்று மூன்று தலைப்பு போட்டு பயமுறுத்துவது இதைத்தான். மூன்றுக்கும் காரணம் ஒன்றே: வியாபாரியைப் பற்றிய செய்தியையும் விற்பனையைப் பற்றிய செய்தியையும் ஒரே வரியில் திணித்துவிட்டோம்.

எக்செலை மட்டமாகப் பேசவில்லை. ஒரே ஆள், ஒரே மேசை, சின்னக் கணக்கு என்றால் நானே அதைத்தான் சிபாரிசு செய்வேன். ஆனால் எல்லை தெரியாமல் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு 2020-இல் இங்கிலாந்தில் நடந்தது நல்ல சாட்சி. ஆய்வகங்கள் அனுப்பிய கொரோனா முடிவுகளைப் பழைய எக்செல் ஃபைல் வடிவத்தில் இழுத்துச் சேர்த்தார்கள். அந்த வடிவத்தில் ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிதான் கொள்ளும். அதற்கு மேல் வந்தவை சத்தமில்லாமல் விடுபட்டு, 15,841 தொற்றாளர்கள் தினசரிக் கணக்கில் வராமல் போனார்கள்.

சரி, டிபிஎம்எஸ் என்ன செய்கிறது? முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ஏலக் கணக்குத் தகவல்தான் டேட்டாபேஸ். அதைக் காவல் காத்து, கேட்டால் எடுத்துக் கொடுத்து, விதியை மீறினால் தடுக்கும் சாப்ட்வேர்தான் டிபிஎம்எஸ். மைஎஸ்கியூஎல், ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ் எல்லாம் டிபிஎம்எஸ். உங்கள் ஆண்ட்ராய்டு போனிலும் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது, எஸ்கியூலைட் என்று பெயர். காண்டாக்ட்ஸ் எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது.

காவல் என்று சொன்னேனே, அது எப்படி என்று பாருங்கள். வியாபாரி பத்தாயிரம் ரூபாய் கட்டுகிறார். அவர் பாக்கியில் பத்தாயிரம் குறைய வேண்டும், கல்லாக் கணக்கில் பத்தாயிரம் கூட வேண்டும். முதல் வேலை முடிந்து இரண்டாவது முடிவதற்குள் கரண்ட் போனால்? 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கரையேறிய ஊர்க்காரர்களுக்குக் கரண்ட் போவதைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம். டிபிஎம்எஸ் இரண்டையும் ஒரே டிரான்சாக்‌ஷனாகக் கட்டி வைக்கும். நடந்தால் இரண்டும் நடக்கும், இல்லையென்றால் இரண்டுமே நடக்காததுபோல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இரண்டு கணக்குப்பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஒரே வியாபாரியின் பாக்கியைத் திருத்தினாலும் ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளும். ஃபைலை வாட்ஸாப்பில் அனுப்பி 'ஃபைனல்', 'ஃபைனல் 2' என்று பெயர் வைத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஸ்கீமாவுக்கும் இன்ஸ்டன்ஸுக்கும் என்ன வித்தியாசம் என்று பரீட்சையில் நிச்சயம் கேட்பார்கள். நம் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் விசைப்படகு விற்பனை என்று ஒரு வரிகூட ஏறாது. ஆனால் விற்பனை டேபிள் அப்படியே இருக்கும். தேதி, படகு, எடை, விலை என்ற தலைப்புகளும், எடை மைனஸில் போகக்கூடாது என்பது போன்ற விதிகளும் மாறாது. அந்த அமைப்பு ஸ்கீமா. இந்த நிமிடத்தில் அதற்குள் இருக்கும் வரிகள் இன்ஸ்டன்ஸ்.

இனி டேட்டா மாடல். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், மொத்தப் பாடமும் இங்கேதான் இருக்கிறது. தகவலை எந்த வடிவத்தில் நினைத்துப் பார்ப்பது என்ற முடிவுதான் மாடல். பின்னால் எந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் வரும், எந்தக் கேள்விக்கு நாக்குத் தள்ளும் என்பதை அந்த முடிவுதான் தீர்மானிக்கும்.

ஹையரார்க்கிகல் மாடலில், அதாவது மரம்போல் கிளை கிளையாகப் பிரியும் வடிவத்தில், ஏலக் கணக்கை வைத்துப் பாருங்கள். மேலே படகு. படகுக்குக் கீழே அது கடலுக்குப் போய் வந்த ஒவ்வொரு முறையும். அதற்குக் கீழே அந்த முறை விற்ற ஒவ்வொரு குவியலும். 'இந்தப் படகு இந்த மாதம் எவ்வளவுக்கு விற்றது?' என்றால் நேராக இறங்கி எடுத்துவிடலாம். 'புதுச்சேரி வியாபாரி ஒருவர் மொத்தம் எவ்வளவு வாங்கினார்?' என்று கேளுங்கள். எல்லாப் படகுக்கும் போய், எல்லா முறையும் பார்த்து, கடைசிக் குவியல் வரை புரட்ட வேண்டும். தகவல் உள்ளே இருக்கிறது, போகும் வழிதான் இல்லை. இந்த மாடலின் பெயர்போன உதாரணம் ஐபிஎம்மின் ஐஎம்எஸ். அப்போலோ திட்டத்துக்காக, சாட்டர்ன் ராக்கெட்டின் உதிரிபாகக் கணக்கை வைக்க 1960-களில் உருவானது. பாகத்துக்குள் பாகம், அதற்குள் இன்னொரு பாகம் என்ற கணக்குக்கு மர வடிவம் கச்சிதமாகப் பொருந்தும். மீன் ஏலத்துக்குப் பொருந்தாது.

நெட்வொர்க் மாடலில் ஒரு குவியலுக்கு மேலே படகும் இருக்கலாம், வியாபாரியும் இருக்கலாம். இரண்டு பக்கமிருந்தும் சங்கிலி கோத்திருக்கும், ஆகவே புதுச்சேரி வியாபாரியின் கேள்விக்கும் வழி கிடைத்துவிட்டது. இதன் மூலவர் சார்லஸ் பாக்மன். ஜெனரல் எலக்ட்ரிக்கில் ஐடிஎஸ் என்ற சிஸ்டத்தை உருவாக்கினார், 1973-இல் கம்ப்யூட்டர் துறையின் உயரிய விருதான டூரிங் விருதும் வாங்கினார். புத்தகங்கள் ஹையரார்க்கிகலை முதலில் வைத்துவிட்டு நெட்வொர்க்கை அடுத்து வைப்பதால் அது பின்னால் வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஐடிஎஸ் ஐஎம்எஸ்ஸுக்கு முந்தியது. இதில் உள்ள தொல்லை வேறு. எந்தச் சங்கிலியைப் பிடித்து எங்கே போக வேண்டும் என்பதைப் புரோகிராமரே படிப்படியாக எழுத வேண்டும். 'வஞ்சிரம் மட்டும் மொத்தம் எவ்வளவு?' என்று முதலாளி புதிதாக ஒரு கேள்வி கேட்டால், மீனுக்குச் சங்கிலி போடவில்லையே என்று கையைப் பிசைய வேண்டியதுதான்.

1970-இல் ஐபிஎம்மில் வேலை பார்த்த எட்கர் காட் எழுதிய கட்டுரை இந்தச் சங்கிலிகளை அறுத்தது. எல்லாமே டேபிள், டேபிளுக்கும் டேபிளுக்கும் இடையே இணைப்பு என்று தனியாக எதுவும் கிடையாது, மதிப்புகள் பொருந்தினால் அதுவே இணைப்பு என்றார். ரிலேஷனல் மாடல் இதுதான். படகுக்கு ஒரு டேபிள், மீனுக்கு ஒன்று, வியாபாரிக்கு ஒன்று, விற்பனைக்கு ஒன்று. விற்பனை டேபிளின் ஒரு வரி இப்படி இருக்கும்: தேதி, படகு எண் 14, மீன் எண் 3, வியாபாரி எண் 27, எடை 42 கிலோ, விலை கிலோவுக்கு 310. வியாபாரியின் போன் நம்பர் இங்கே கிடையாது. அது வியாபாரி டேபிளில் 27-ஆம் எண்ணுக்கு நேரே ஒரே ஒரு இடத்தில் இருக்கிறது. மாற்ற வேண்டுமானால் அங்கே மாற்றினால் போதும். 42-ஐ 310-ஆல் பெருக்கி 13,020 என்று தனியாக எழுதி வைக்கவும் தேவையில்லை, கேட்கும்போது போட்டுக்கொள்ளலாம். ஆனால் 310-ஐ எழுதித்தான் ஆக வேண்டும். வஞ்சிரம் இன்று விற்ற விலைக்கு நாளை விற்காது.

வியாபாரி டேபிளில் அந்த 27 பிரைமரி கீ, அதாவது அவரை மட்டும் அடையாளம் காட்டும் எண். விற்பனை டேபிளில் அதே 27 ஃபாரின் கீ, அதாவது வியாபாரி டேபிளைச் சுட்டும் எண். முருகன் என்ற பெயரையே கீயாக வைக்கலாமே என்று கேட்பார்கள். துறைமுகத்தில் நின்று 'முருகா' என்று கூப்பிட்டுப் பாருங்கள், எத்தனை பேர் திரும்புகிறார்கள் என்று தெரியும். போன் நம்பரும் மாறக்கூடியது. அதனால்தான் எண். கணக்குப்பிள்ளை 27-க்குப் பதில் 72 என்று தட்டிவிட்டால், 72 என்று யாரும் இல்லாதபோது டிபிஎம்எஸ் அந்த வரியை ஏற்காது. 72-ஆம் எண்ணில் வேறொரு வியாபாரி இருந்தால் அது ஏமாந்துதான் போகும். இந்த எல்லையையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், டிபிஎம்எஸ் வந்தால் தப்பே வராது என்று பரீட்சையில் எழுதாதீர்கள்.

ரிலேஷனல் மாடலில் முதலாளியின் எந்தக் கேள்விக்கும் முன்கூட்டியே வழி போட்டு வைக்க வேண்டாம். என்ன வேண்டும் என்று எஸ்கியூஎல் என்ற மொழியில் எழுதினால் போதும், எப்படித் தேடுவது என்பதை டிபிஎம்எஸ் பார்த்துக்கொள்ளும். செலக்ட், ஃப்ரம், வேர், குரூப் பை என்று நீங்கள் படிக்கும் இந்த மொழியை 1974-இல் ஐபிஎம்மின் சேம்பர்லினும் பாய்ஸும் கொண்டுவந்தார்கள். வேடிக்கை என்னவென்றால் யோசனையும் மொழியும் ஐபிஎம்முடையது, ஆனால் 1979-இல் கடைக்கு முதலில் சரக்கைக் கொண்டுவந்தது இன்று ஆரக்கிள் என்று நாம் அழைக்கும் கம்பெனி.

டிபிஎம்எஸ்ஸின் மூன்றடுக்கு அமைப்பை நான் சுருக்கமாகவே சொல்வேன். படகு உரிமையாளர் திரையில் அவர் படகு மட்டும், வியாபாரி திரையில் அவர் பாக்கி மட்டும், ஏலக்காரருக்கு எல்லாம், இவை வியூ. நடுவில் மேலே சொன்ன டேபிள்கள். அடியில் டிஸ்க்கில் அவை எப்படி எழுதப்படுகின்றன என்ற சமாச்சாரம். தேடல் மெதுவாக இருக்கிறது என்று வியாபாரி எண்ணுக்கு நான் ஒரு இண்டெக்ஸ் (புத்தகத்தின் பின்னால் இருக்கும் சொல்லடைவு மாதிரி) போட்டால், மேலே ஓடும் புரோகிராமில் ஒரு வரியையும் தொட வேண்டியதில்லை. ஃபிசிக்கல் டேட்டா இண்டிபென்டன்ஸ் என்ற பெரிய பெயருக்கு அவ்வளவுதான் அர்த்தம்.

இஆர் (என்டிட்டி-ரிலேஷன்ஷிப்) மாடல் 1976-இல் பீட்டர் சென் கொடுத்தது. டேபிள் போடுவதற்கு முன் காகிதத்தில் வரைந்து யோசிக்கும் கருவி. பலர் இதைக் கட்டமும் சாய்சதுரமும் வரையும் டிராயிங் வகுப்பாக நினைத்துவிடுகிறார்கள். முக்கியமானது கோட்டின் இரு முனையிலும் போடும் 'ஒன்று', 'பல'. ஒரு படகில் பல தொழிலாளர்கள். ஒரு தொழிலாளர் ஒரே படகிலா? இல்லை, இந்த வாரம் இந்தப் படகு, அடுத்த வாரம் வேறு. ஆகவே இரு பக்கமும் 'பல'. தொழிலாளர் டேபிளில் படகு எண்ணைப் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். யார், எந்தப் படகில், எந்தத் தேதியில் என்று நடுவில் ஒரு டேபிள் வேண்டும். பங்குப் பணம் பிரிக்கும் நாளில் இது இல்லாவிட்டால் சண்டைதான்.

மாங்கோடிபி மாதிரி டாக்குமென்ட் டேட்டாபேஸ்கள் வந்த பிறகு இதெல்லாம் பழசு என்று சிலர் சொல்வார்கள். ஒரு பில்லை, அதற்குள் இருக்கும் எல்லா விவரத்தோடும் ஒரே பொட்டலமாக வைப்பது அது. பில்லை எப்போதும் முழுசாகவே எடுத்துப் பார்ப்பீர்கள் என்றால் சௌகரியம்தான். என் பார்வையில், பில்லுக்குள் பில் வரிகளை அடக்கும் அந்த வடிவம் பெரும்பாலும் பழைய கள், புது மொந்தை. ஐஎம்எஸ் காலத்து மர வடிவம் வேறு உடையில் வந்திருக்கிறது, புதுச்சேரி வியாபாரியின் கேள்வியும் அதே தொல்லையோடு திரும்ப வரும்.

படித்தது ஏறியிருக்கிறதா என்று பார்க்க ஒரு கணக்கு தருகிறேன். எங்கள் துறைமுகத்தில் சில படகு உரிமையாளர்கள் பக்கத்துப் படகின் மீனை ஏலத்தில் எடுப்பதும் உண்டு. அப்போது அவரே உரிமையாளர், அவரே வியாபாரி, போன் நம்பர் ஒன்றுதான். இரண்டு டேபிளிலும் அவரை எழுதினால் முதலில் சொன்ன அதே அனாமலி வந்துவிடும். டேபிள்களை எப்படி மாற்றி அமைப்பீர்கள்? வரைந்து கமெண்டில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.