எஃப்எஃப்பி ஏற்றியதும் வரும் மூச்சுத் திணறலை முன்கூட்டியே தடுக்க முடியுமா?

கேள்வி: எஃப்எஃப்பி எனப்படும், உறைய வைத்துச் சேமித்த பிளாஸ்மா ஏற்றிய சில மணி நேரத்தில் சிலருக்கு நுரையீரல் பாதிக்கிறது. முன்னதாக அவில் போட்டால் தடுக்கலாமா? வேறு என்ன வழி?

அவில், ஹைட்ரோகார்டிசோன் இரண்டும் இதைத் தடுக்காது. அவை அரிப்பு, தடிப்பு போன்ற ஒவ்வாமைக்கானவை. நீங்கள் கேட்பது டிராலி, அதாவது ரத்தப் பொருள் ஏற்றுவதால் வரும் திடீர் நுரையீரல் பாதிப்பு. ஏற்றும்போதோ, முடிந்த 6 மணி நேரத்துக்குள்ளோ வரும். கொடையாளரின் பிளாஸ்மாவில் எச்எல்ஏ அல்லது எச்என்ஏ எனும் அணு அடையாளப் புரதங்களுக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தால், அது நோயாளியின் வெள்ளை அணுக்களைத் தூண்டிவிடும். அவை நுரையீரலின் நுண்ணிய ரத்தக் குழாய்ச் சுவரைச் சிதைக்க, நீர் கசிந்து காற்றறைகளில் நிரம்பும். வெள்ளை அணு ஃபில்டர் போட்டாலும் பயனில்லை. அது அணுக்களைத்தான் பிடிக்கும், கரைந்திருக்கும் ஆன்டிபாடியை விட்டுவிடும்.

ஆகவே தடுப்பு ரத்த வங்கியிலேயே தொடங்க வேண்டும். இந்த ஆன்டிபாடிகள் பெரும்பாலும் கர்ப்பத்தின்போது உருவாகின்றன. குழந்தைக்குத் தந்தை வழியில் வந்த எச்எல்ஏவைத் தாயின் உடல் அந்நியமாகக் கருதுவதே காரணம். அமெரிக்கக் கொடையாளர்களிடம் நடந்த பெரிய ஆய்வொன்றில், கருவுறாத பெண்களில் 1.7 சதவீதம் பேரிடமும், ஒருமுறை கருவுற்றவர்களில் சுமார் 11 சதவீதம் பேரிடமும், 4 முறையோ அதற்கு மேலோ கருவுற்றவர்களில் சுமார் 32 சதவீதம் பேரிடமும் எச்எல்ஏ ஆன்டிபாடி இருந்தது. இங்கிலாந்து 2003 இறுதியிலிருந்து நோயாளிகளுக்கு முடிந்தவரை ஆண்களின் பிளாஸ்மாவையே அனுப்பியது. டிராலி வெகுவாகக் குறைந்தது. அமெரிக்காவில் 2014 முதல் ஆண்கள், கருவுறாத பெண்கள், பரிசோதனையில் ஆன்டிபாடி இல்லை என்று உறுதியான பெண்கள் ஆகியோரின் பிளாஸ்மா மட்டுமே ஏற்றத் தகுந்தது என விதி வந்தது.

எச்எல்ஏ பரிசோதனை வசதி இல்லாத சிறிய ரத்த வங்கியும் இதைச் செய்யலாம். கொடையாளர் படிவத்தில் "இதுவரை எத்தனை முறை கருவுற்றீர்கள், கருக்கலைந்ததையும் சேர்த்து?" என்று ஒரு வரி போதும். கருவுற்றவர் கொடுத்த ரத்தத்தில் சிவப்பணுவை வழக்கம்போல நோயாளிக்குத் தரலாம், எஸ்ஏஜிஎம் எனும் சிவப்பணுவைப் பாதுகாக்கும் கரைசல் சேர்த்த பையில் பிளாஸ்மா மிகக் குறைவு. பிளாஸ்மாவை ஆல்புமின், இம்யூனோகுளோபுலின் தயாரிக்க அனுப்பிவிடலாம். தயவுசெய்து இதைச் சாக்காக வைத்துப் பெண் கொடையாளர்களைத் திருப்பி அனுப்பாதீர்கள். அஃபெரிசிஸ் (இயந்திரம் மூலம் பிரித்தெடுத்த) தட்டணுப் பையில் 200 மில்லிக்கு மேல் பிளாஸ்மா இருக்கும். அதற்கும் இதே எச்சரிக்கை வேண்டும்.

வார்டில் நடப்பதுதான் எனக்கு அதிகக் கவலை. தேவையே இல்லாமல் ஏற்றப்படும் பைகள் ஏராளம். ரத்தக் கசிவில்லாத நோயாளியின் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய ஆகும் நேரத்தின் அளவீடு) 1.5 என்றால் எஃப்எஃப்பி அதை அநேகமாக அசைக்காது, ஏனெனில் அந்தப் பிளாஸ்மாவின் ஐஎன்ஆரே 1ஐவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கக்கூடும். டெங்குவில் தட்டணு குறைந்தது என்பதற்காகவோ, ரத்த அழுத்தத்தை ஏற்றவோ, ஆல்புமினைக் கூட்டவோ பிளாஸ்மா கொடுக்கக் கூடாது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவருக்குக் கடும் ரத்தக் கசிவு என்றால் வைட்டமின் கேயுடன் நான்கு காரணி பிசிசி, அதாவது உறைதல் காரணிகளின் செறிவு மருந்து, சிறந்தது. 60 கிலோ எடையுள்ளவருக்குக் கிலோவுக்கு 25 யூனிட் வீதம் 1500 யூனிட், ஏறக்குறைய 60 மில்லி. அதே வேலைக்குக் கிலோவுக்கு 15 மில்லி வீதம் பிளாஸ்மா என்றால் 900 மில்லி, அதாவது நான்கைந்து கொடையாளர்களின் பைகள். ஃபைப்ரினோஜென் என்ற உறைதல் புரதம் மட்டும் குறைவென்றால், பிளாஸ்மாவிலிருந்து அது செறிவாகப் பிரித்தெடுக்கப்படும் கிரையோ போதும்.

நோயாளியின் நிலையும் முக்கியம். ஷாக், உடலில் நீர் தேங்கியிருப்பது, வென்டிலேட்டரில் 30 செமீ நீர் அளவுக்கு மேற்பட்ட உச்ச காற்றழுத்தம், புகைப்பழக்கம், நாள்பட்ட குடிப்பழக்கம் ஆகியவை ஆபத்தைக் கூட்டும். அவசரமில்லாத பிளாஸ்மாவை இவர்களுக்குத் தள்ளிப்போடுங்கள். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு டைடல் வால்யூமை (ஒரு மூச்சில் செலுத்தும் காற்றின் அளவு) கிலோவுக்கு 6 மில்லி அளவில் வையுங்கள். அந்தக் கிலோ உயரத்தைக் கொண்டு கணக்கிட்ட எடை.

அப்படியும் ஆக்சிஜன் அளவு சரிந்தால் உடனே பையை நிறுத்தி, லைனைச் சலைனில் வைத்து, ஆக்சிஜன் கொடுத்து, மார்பு எக்ஸ்ரே எடுங்கள். ரத்த அழுத்தம் ஏறி, கழுத்து ரத்தக் குழாய் புடைத்திருந்தால் அது பெரும்பாலும் நீர்ச்சுமை, சிறுநீரைப் பெருக்கும் லாசிக்ஸ் கேட்கும். அழுத்தம் இறங்கி, காய்ச்சலும் வந்து, வெள்ளை அணு திடீரெனக் குறைந்தால் டிராலியாக இருக்கலாம். அங்கே லாசிக்ஸ் நிலைமையை மோசமாக்கும். பையைக் குப்பையில் போடாமல் ட்யூபோடு ரத்த வங்கிக்கு அனுப்புங்கள், அதற்கு முன் போன் செய்துவிடுங்கள். அதே கொடையாளரின் சிவப்பணுவோ தட்டணுவோ அந்நேரம் இன்னொரு வார்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருக்கலாம்.