குளோனிங்கில் இவ்வளவு தோல்வி ஏன்? மனிதரிடம் ஏன் செய்வதில்லை?

முட்டையின் உட்கருவை நுண்குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு, உடல் செல் ஒன்றை மின்துடிப்பால் அதனுடன் இணைப்பார்கள். கைவேலை கடினம்தான், ஆனால் சிக்கல் அதில் இல்லை. மடிச் செல் போன்ற உடல் செல், தனக்குத் தேவையில்லாத மரபணுக்களை வேதிக் குறிகளால் பூட்டி வைத்திருக்கும். முட்டை அந்தக் குறிகளைக் குறுகிய நேரத்துக்குள் அழித்தாக வேண்டும். அரைகுறையாக அழிந்தால் நஞ்சுக்கொடிக் கோளாறு, கருச்சிதைவு, அளவுக்கு மீறிப் பெருத்த குட்டி.

1996-இல் பிறந்த டாலி என்ற குளோன் ஆட்டுக்காக 277 இணைப்புகள் செய்தார்கள். தேறிய 29 கருக்களை 13 ஆடுகளுக்குள் வைத்ததில் பிறந்தது ஒரே குட்டி. இதே கணக்கை மனிதரிடம் போட்டால் அத்தனை கருச்சிதைவுகளையும் சுமக்கப்போவது பெண்கள். ‘நகல் மனிதன்’ பற்றிய தத்துவக் கேள்வியெல்லாம் அதற்குப் பிறகுதான். நகல் என்பதும் முழுக்கச் சரியில்லை, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. பெரும்பாலும் முட்டை கொடுத்தவருடையதாகவே இருக்கும்.