நட்சத்திர ஹோட்டலில் தங்கிக் கோயில் பார்ப்பது

அம்மா அப்பாவோடு யாழ்ப்பாண நகரில் நட்சத்திர ஹோட்டல், இரண்டு நாளில் பழைய கோயில்கள், சரிவருமா என்று கேட்டிருந்தீர்கள். வரும். ஆனால் ஹோட்டல் காலைச் சாப்பாட்டுக்குக் காத்திருந்தால் போச்சு. விடியவே நல்லூர் கந்தசுவாமி கோயிலுக்கு வெளிக்கிடுங்கள். அங்கே பூசை மணி பிசகாது. அப்பா சட்டையைக் கழற்ற வேண்டிவரும், வேட்டி சால்வை போதும். பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் பதினேழாம் நூற்றாண்டில் இடித்தார்கள்; இப்போதுள்ளது 1734இல் எழுந்தது.

பிறகு மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில், கீரிமலை நகுலேஸ்வரம். மாற்றுடுப்பு முக்கியம்: கீரிமலைக் கேணியில் நன்னீர், மதிலுக்கு அப்பால் கடல், பார்த்தால் இறங்காமல் இருக்க மாட்டீர்கள். மத்தியானம் நடை சாத்தியிருக்கும். ஏசி அறைக்குக் கொடுத்த காசு அப்போதுதான் செரிக்கும்.

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில் மறுநாள்; அது கடலுக்குள் ஒரு தீவு. குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறும்போது அம்மாவின் கையை விடாதீர்கள், படகு ஆடும்.