மூடியைக் கழற்றுங்கள்

கேள்வி: எனக்கு ஐந்து வயதில் ஒரு மகள், ஒன்றரை வயதில் ஒரு மகன். ஹாலில் கால் வைக்க இடமில்லாத அளவுக்குப் பொம்மைகள். போன மாதம் மூடி போட்ட ஆறு பெரிய பெட்டிகள் வாங்கி, வகை பிரித்து, பெயர் எழுதி ஒட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். பத்து நாள்கூடத் தாங்கவில்லை. இப்போது பெட்டிகளும் சேர்ந்து இடத்தை அடைக்கின்றன. எடுத்து வைக்கச் சொன்னால் மகள் அழுகிறாள், நான் கத்துகிறேன், கடைசியில் இரவு 11 மணிக்கு நானே குனிந்து பொறுக்குகிறேன். எதையாவது யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றால் “எல்லாம் வேணும்” என்கிறாள். என் கணவரும் அவள் பக்கம். பொம்மை மட்டுமல்ல, சாவி, பில், சார்ஜர், துணி எல்லாமே இந்தக் கதைதான். எனக்கு ஒழுங்கு என்பதே வராதா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வகை பிரித்து, பெயர் எழுதி ஒட்டத் தெரிந்தவருக்கு ஒழுங்கு நன்றாகவே வரும். சிக்கல் அந்தப் பெட்டிகளின் மூடியில் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மகளுக்குக் கார் வேண்டும். கார் பெட்டி அடியில் இருக்கிறது. மேலே உள்ள இரண்டை இறக்க வேண்டும், மூடியைத் திறக்க வேண்டும், கையை விட்டுத் துழாவ வேண்டும். கார் மேல் உள்ள ஆசையில் இதையெல்லாம் செய்துவிடுவாள். பெட்டியைக் கவிழ்த்தால் இன்னும் சீக்கிரம் கிடைக்கும் என்பதையும் கண்டுபிடித்துவிடுவாள். விளையாடி முடித்த பிறகு இதே வேலைகளைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். அப்போது ஆசை தீர்ந்துபோயிருக்கும். பெரியவர்களே செய்ய மாட்டோம், ஐந்து வயதுக் குழந்தை எப்படிச் செய்யும்?

அதனால் நான் பிடித்துக்கொண்டிருக்கும் விதி ஒன்றுதான். எடுப்பது கொஞ்சம் சிரமமாக இருந்தாலும் பரவாயில்லை. திரும்ப வைப்பது ஒற்றைக் கையால், போட்டவுடன் முடிந்துவிட வேண்டும்.

ஆறு பெட்டிகளில் மூன்றின் மூடியைக் கழற்றுங்கள். தூக்கிப் போட்டுவிடாதீர்கள், வேலை இருக்கிறது. திறந்த மூன்றையும் சுவரோரம் தரையில் பக்கம் பக்கமாக வையுங்கள். அடுக்கவே வேண்டாம். துணிப் பொம்மைகள் ஒன்றில், பில்டிங் பிளாக்ஸ் ஒன்றில், வண்டிகளும் பந்துகளும் ஒன்றில். பெரிய சாமான்களுக்குத்தான் ஆழமான பெட்டி சரிப்படும். சொப்புச் சாமான், விலங்குப் பொம்மை மாதிரிச் சின்னச் சின்னதை அதில் போட்டால் அடியில் இருப்பது குழந்தைக்கு இல்லாத மாதிரிதான்; அதை எடுக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி கவிழ்ப்பது. சின்னச் சாமானுக்கு ஒரு சாண் உயரத்துக்கும் குறைவான, மேலிருந்து பார்த்தாலே எல்லாம் தெரிகிற தட்டையான பெட்டி போதும். அட்டைப்பெட்டியின் மேல் பாதியை வெட்டி எறிந்தால் அதுவே ஆயிற்று. செருப்பு வந்த பெட்டியும் உதவும். முதலில் அட்டையில் செய்து ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். எந்த அளவு, எத்தனை தேவை என்று அதற்குள் தெரிந்துவிடும். பிறகு வேண்டுமானால் பிளாஸ்டிக் வாங்கலாம். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்: பெட்டி வாங்கிய கையோடு வீடு ஒழுங்காகிவிட்ட மாதிரி ஒரு நிம்மதி வந்துவிடுகிறது.

தட்டைப் பெட்டிகளை வைக்கத் திறந்த அலமாரி இருந்தால் நல்லது. மேல் தட்டு உங்கள் மகளின் நெஞ்சு உயரத்தைத் தாண்டக் கூடாது. மரியா மாண்டிசோரி 1907-ல் ரோம் நகரில் குழந்தைகளுக்கான தன் முதல் பள்ளியைத் திறந்தார். குழந்தையின் கைக்கு எட்டும் திறந்த தட்டுகள் இன்றும் அவர் வழிப் பள்ளிகளின் அடையாளம். தானாக எடுத்து, தானாகத் திரும்ப வைக்க முடிகிற உயரம் என்பதுதான் அதன் சூட்சுமம். கனமான சாமான் அடித்தட்டில் இருக்கட்டும். முக்கியமாக, அலமாரியைச் சுவரோடு திருகாணி போட்டுப் பிணைத்துவிடுங்கள். ஒன்றரை வயதுப் பையனுக்கு அது அலமாரி அல்ல, ஏணி. சரிந்து மேலே விழும் ஆபத்து குட்டை அலமாரிக்கும், இழுப்பறை வைத்த மேசைக்கும் உண்டு. கனமான மூடி உள்ள பெரிய பொம்மைப் பெட்டி யாராவது பரிசாகக் கொடுத்தாலும் மூடியைக் கழற்றிவிட்டே பயன்படுத்துங்கள். குழந்தை எட்டிப் பார்க்கும்போது அது கழுத்தில் விழும்.

பெயர் எழுதி ஒட்டினேன் என்கிறீர்கள். யார் படிக்க? எழுத்துக்குப் பதிலாகப் படம் ஒட்டுங்கள். காரை ஒரு போட்டோ எடுத்து அச்சிட்டாலும் சரி, மகளையே வரையச் சொன்னாலும் சரி. அவள் வரைந்த கார் உருளைக்கிழங்கு மாதிரி இருந்தாலும் அவளுக்கு அது கார்தான். பெட்டியில் ஒரு படம், அலமாரியில் அந்தப் பெட்டி நிற்கும் இடத்தில் அதே படம். பட்டறைகளில் சுத்தியல், திருப்புளி தொங்கும் பலகையில் அந்தந்தக் கருவியின் உருவத்தையே வரைந்து வைத்திருப்பார்கள். வெற்றிடம் கண்ணில் பட்டால் எது வரவில்லை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

வகை பிரிப்பதில் ரொம்பவும் இறங்கிவிடாதீர்கள். ஒருமுறை என் வீட்டு பிளாக்ஸ் எல்லாவற்றையும் நிறவாரியாகப் பிரித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று. பார்க்க அத்தனை அழகு! மறுநாள் என் மகன், “சிவப்புச் சின்னது எங்கேம்மா?” என்று சிவப்புக் குவியலில் அரை மணி நேரம் துழாவினான். பல நிறத்துக்கு நடுவே சிவப்பு சட்டென்று கண்ணில் படும். ஒரே சிவப்புக்கு நடுவே சின்னதைத் தேடுவதுதான் பாடு. பிரிப்பதானால் அளவு, வடிவம் பார்த்துப் பிரிக்க வேண்டும். ஐந்து வயதுக்கு அதுவும் வேண்டாம். ஒரு பழைய படுக்கை விரிப்பை விரித்து அதன்மேல் கொட்டி விளையாடட்டும். முடிந்ததும் நான்கு மூலையையும் பிடித்துத் தூக்கிப் பெட்டிக்குள் சரித்துவிடலாம். ஜிக்சா துண்டுகள் மட்டும் விதிவிலக்கு. ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அதன் எல்லாத் துண்டுகளின் பின்னாலும் அந்த எண்ணை எழுதி, ஜிப் பையில் போட்டு வையுங்கள். சோபாவுக்கு அடியில் கிடைத்த துண்டு எந்தப் படத்தைச் சேர்ந்தது என்று விழிக்க வேண்டியிருக்காது.

எண்ணிக்கைக்கு வருவோம். அமெரிக்காவின் டொலீடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 18 முதல் 30 மாத வயதுள்ள 36 குழந்தைகளை விளையாட விட்டுக் கவனித்து 2018-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒருமுறை 4 பொம்மைகள், இன்னொருமுறை 16. நான்கு மட்டும் இருந்தபோது குழந்தைகள் ஒவ்வொன்றோடும் அதிக நேரம், அதிக விதமாக விளையாடினார்கள். அதற்காக நான்கை வைத்துவிட்டு மற்றதை ஒழித்துக்கட்டச் சொல்லவில்லை. மூன்றில் ஒரு பங்கை வெளியே வைத்து, மீதியை மூடி உள்ள அந்த மூன்று பெட்டிகளில் போட்டுப் பரணில் ஏற்றுங்கள். மூடி அங்கேதான் உபயோகப்படும். இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு பெட்டியை இறக்கி, வெளியே இருப்பதில் சிலதை அதற்குப் பதிலாக ஏற்றுங்கள். இறங்கி வரும் பொம்மைக்குக் கிடைக்கும் வரவேற்பைப் பார்த்தால் உங்களுக்கே சிரிப்பு வரும். தூங்கும்போது கட்டிப்பிடிக்கும் பொம்மையை மட்டும் இந்தச் சுற்றில் சேர்க்காதீர்கள். ஏற்றுவதற்கு முன் பேட்டரிகளைக் கழற்றிவிடுங்கள். நான் கழற்றாமல் விட்ட ஒரு ரயில், கசிந்த பேட்டரியால் உள்ளே அரித்துப் போய் வெளியே வந்தது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டில் இரண்டு வெவ்வேறு வயதுக் குழந்தைகள் இருக்கிறார்கள். மகளின் மணிகளும் குட்டி பிளாக்ஸும் மகன் வாய்க்குள் போகிற அளவு. டாய்லெட் பேப்பர் சுருளின் நடுக்குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் நுழைகிற எந்தப் பொருளும் மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடும். அப்படிப்பட்டவை மட்டும் கொக்கி போட்ட சின்னப் பெட்டியில், அவனுக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். மகள் மேசையில் உட்கார்ந்து விளையாடட்டும். பட்டன் பேட்டரி போடும் பொம்மையில் பேட்டரி மூடி திருகாணியால் பூட்டியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். விழுங்கிய பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் மாட்டினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சுட்டுப் புண்ணாக்கும். சக்தி வாய்ந்த குட்டிக் காந்தங்கள் இருந்தால் அவற்றை வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு உள்ளே போனால் குடலை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும்.

அடுத்தது அந்த அழுகை. “எல்லாத்தையும் எடுத்து வை” என்றால் எங்கே தொடங்குவது என்று குழந்தைக்குத் தெரியாது. “கார் மட்டும் பெட்டிக்குள்ளே போகட்டும்” என்றால் தெரியும். கார் முடிந்த பிறகு அடுத்ததைச் சொல்லுங்கள். தூங்கப் போகும் நேரத்தில் வேண்டாம், அப்போது இருவருமே களைத்திருப்பீர்கள். இரவுச் சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம் போதும். மகனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் ஒன்றைப் போட்டு ‘டொக்’ என்று சத்தம் கேட்பது ஒன்றரை வயதுக்கு அருமையான விளையாட்டு. திரும்ப எடுத்தும் போடுவான், அதைக் கண்டுகொள்ளாதீர்கள். அவள் வைத்த பிறகு அவள் கண்ணெதிரே நீங்கள் சரி செய்து அடுக்காதீர்கள். பெட்டிக்குள் இருந்தால் போதும், வரிசை வேண்டாம். 11 மணிக்குக் குனிவதையும் விட்டுவிடுங்கள். ஒரு நாள் அப்படியே கிடந்தால் என்ன?

கொடுக்கும் விஷயத்தில் “இது வேணுமா?” என்ற கேள்வியையே எடுக்காதீர்கள். கேட்டால் எல்லாமே வேண்டும்தான்; நம்மையும் ஒவ்வொரு புடவையாகக் காட்டிக் கேட்டால் அப்படித்தான் சொல்வோம். “இந்தப் பெட்டி கொள்கிற அளவுக்கு நீயே தேர்ந்தெடு” என்று சொல்லிப் பாருங்கள். பெட்டி ‘போதும்’ என்று சொல்லிவிடுவதால் நீங்கள் சொல்ல வேண்டியிருக்காது. இரண்டு முறை பரணிலிருந்து இறங்கியும் யாரும் சீண்டாத பொம்மையை அவளிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். உடைந்ததைச் சத்தமில்லாமல் அகற்றலாம். நல்லதை ஒளித்துக் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் எதையும் கையை விட்டு விடமாட்டாள். உங்கள் கணவருக்கும் ஒரு பெட்டி ஒதுக்குங்கள். அவர் விட மனமில்லாததெல்லாம் அதற்குள் அடங்கட்டும். அதன் மூடிக்கு அவரே பொறுப்பு.

சாவி, பில் சமாசாரத்துக்கும் அதே விதிதான், சுருக்கமாகச் சொல்கிறேன். சாவி இப்போது எங்கே விழுகிறதோ அங்கேயே ஒரு கிண்ணம் வையுங்கள். வேறு இடத்தில் அழகான கொக்கி மாட்டினால் அது காலியாகவே தொங்கும். பில்லுக்கு ஒரே தட்டு, வாரம் ஒருமுறை பாருங்கள். சார்ஜர் ஒயரில் எந்தப் பொருளுக்கு உரியது என்று ஒரு துண்டு டேப்பில் எழுதி ஒட்டுங்கள். நாற்காலியில் குவியும் துணி, ஒருமுறை போட்டதும் துவைக்கத் தேவையில்லாததுமான துணி. அலமாரியிலும் வைக்க முடியாது, அழுக்குக் கூடையிலும் போட முடியாது. அதற்கென்று கதவுக்குப் பின்னால் நான்கு கொக்கி அடியுங்கள், நாற்காலி உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும்.

மிஞ்சியிருப்பது மூன்று மூடிகள். ஒன்றைக் களிமண் உருட்டும்போது மகள் முன்னால் வையுங்கள், தரை தப்பிக்கும். ஒன்று பாதியில் நிற்கும் ஜிக்சாவுக்கு. அப்படியே நகர்த்தித் தம்பிக்கு எட்டாத இடத்தில் வைத்துவிடலாம். மூன்றாவதை என்ன செய்வது என்று அவளையே கேளுங்கள். என் வீட்டில் அது இரண்டு வருடம் படகாக ஓடியது.