வீட்டில் அன்றாடம் குடிக்க, கையைக் கடிக்காத விஸ்கி எது?

மாலையில் ஒரு பெக்குக்கு சிங்கிள் மால்ட் (ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியில் மட்டும் வடித்த விஸ்கி) தேட வேண்டியதில்லை, பிளெண்டட் ஸ்காட்ச் (மால்ட் விஸ்கியும் மற்ற தானிய விஸ்கியும் கலந்த ஸ்காட்லாந்து சரக்கு) போதும். என் ஓட்டு டீச்சர்ஸ் ஹைலேண்ட் கிரீமுக்கு. இதன் முதுகெலும்பு ஆர்ட்மோர் வடிசாலையின் மால்ட் விஸ்கி. இந்த பிளெண்டுக்காகவே டீச்சர் குடும்பம் 1898-இல் தொடங்கிய வடிசாலை அது. பீட் என்ற மக்கிய தாவர மண்ணை எரித்து, அந்தப் புகையில் பார்லியை உலர்த்துவார்கள். அதனால்தான் லேசான புகை வாசம். ஸ்காட்லாந்திலிருந்து மொத்தமாக வந்து இந்தியாவில் பாட்டிலில் அடைக்கப்படுவதால் விலையும் ஓரளவு அடக்கம்.

லேபிளில் வயது போடவில்லையே என்று தயங்காதீர்கள். எந்த ஸ்காட்ச்சும் சட்டப்படி குறைந்தது 3 ஆண்டு ஓக் பீப்பாயில் கிடந்தாக வேண்டும். 12 என்று போட்டிருந்தால், கலவையிலேயே இளைய சரக்கின் வயது அது.

இதைவிட மலிவான உள்நாட்டு விஸ்கிகள் பெரும்பாலும் கரும்பாலைக் கழிவுப்பாகில் வடித்த சாராயத்தில் கொஞ்சம் மால்ட் சேர்த்தவை. ஐரோப்பாவில் அவற்றை விஸ்கி என்றே விற்க முடியாது! சோடா நிறைய ஊற்றுபவர் என்றால், சரி, அதுவும் பரவாயில்லை.

எதுவானாலும் முதலில் ஒரு குவார்ட்டர் வாங்கி, தண்ணீர் மட்டும் கலந்து குடித்துப் பாருங்கள். பிடித்தால் அப்புறம் ஃபுல்.